மேக்கரைத் தனியாக விற்கச் சொன்னவன்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு,

நம் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஆறேழு பேர் சேர்ந்து என்னை எழுதச் சொன்னீர்கள். அதில் இரண்டு பேர் ஷார்ஜாவிலேயே வளர்ந்தவர்கள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள் என்றும் கேள்வி. மெதுவாகவே படியுங்கள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது, எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

உங்களில் ஒருவர் கூட்டத்துக்காகத் தயாரித்த குறிப்பை எனக்கும் அனுப்பியிருந்தார். புது வெர்ஷனோடு மேக்கரைச் சேர்த்தே கொடுப்பதா, தனி விலை வைத்து விற்பதா என்பது பிரச்சினை. ‘யாரும் பயன்படுத்தாத பழைய கருவி’ என்று அதில் ஒரு வரி இருந்தது. படித்ததும் சிரித்துவிட்டேன். ஏறக்குறைய இதே வரியை இதே கம்பெனியில் நானும் எழுதியிருக்கிறேன். அதை எழுதிய பிறகு நடந்ததை மட்டும் சொல்கிறேன். முடிவு உங்களுடையது.

அந்த வரியில் ஒரு ஆளின் வேலை மாட்டிக்கொண்டிருந்தது. வேலை என்றால் இங்கே விசா, விசா என்றால் இங்கே இருப்பதே. எனக்கு அது கடைசியில்தான் தெரிந்தது. உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் எங்கெங்கே கோட்டை விட்டேன் என்று நீங்கள் எண்ணிக்கொண்டே வரலாம்.

மேக்கர் பற்றிக் கொஞ்சம். நம் கம்பெனி விற்பது, உங்களுக்கே தெரியும், கட்டுமானக் கம்பெனிகள் தங்கள் ஆட்களை நிர்வகிக்கும் மென்பொருள். ஆட்கள் தங்கும் கேம்ப்களில் எதில் யார் இருக்கிறார், எந்த பஸ்ஸில் எந்த சைட்டுக்குப் போகிறார், யாருக்கு லீவ், இவ்வளவுதான் அதன் உலகம். அதற்குள் ஓர் ஓரத்தில் ஆரம்பம் முதலே மேக்கர் இருந்தது. வாடிக்கையாளர் தனக்கு வேண்டிய விதிகளைத் தானே நாலு வரியில் எழுதிக்கொள்ளலாம். இன்னாருக்கு இன்ன பஸ் கூடாது, இன்ன ஆள் இத்தனை நாள் தொடர்ந்து வேலை செய்தால் எனக்குக் காட்டு, இப்படி. அதை உருவாக்கியவர் எப்போதோ கனடா போய்விட்டார். அதில் விதி எழுதும் மொழி அவரோடு பிறந்து அவரோடு போய்விட்டது. எங்கள் யாருக்கும் அதன் உள்ளே கை வைக்கத் தைரியம் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு பிரதியோடும் அது இலவசமாகப் போய்க்கொண்டே இருந்தது.

புது வெர்ஷன் எழுதத் தொடங்கியபோது முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஜோர்டான்காரர், அதிகம் பேசமாட்டார். “மேக்கரைப் புதிதில் கொண்டுவர மூன்று மாத வேலை என்கிறார்கள். கொண்டுவந்தால் எல்லோருக்கும் கொடுப்பதா, வேண்டும் என்பவருக்கு மட்டும் விற்பதா? நீ பார்த்துச் சொல்” என்றார்.

நான் முறையாகச் செய்தேன். அந்த முறைதான் என் காலை வாரியது. எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரு படிவம் அனுப்பினேன். மேக்கரைப் பயன்படுத்துகிறீர்களா? பயன்படுத்துபவரின் பெயர் என்ன? விசாவில் உள்ள பதவி என்ன? கடைசிக் கேள்வியை எதற்குச் சேர்த்தேன் என்று இன்று கேட்டால் எனக்கே தெரியாது. வளைகுடாவில் பதவி கேட்காத படிவத்தை நான் பார்த்ததில்லை. ஜிம்மில் சேரப் போனாலும் கேட்பார்கள். என் கையும் பழக்கத்தில் அந்தக் கட்டத்தைப் போட்டுவிட்டது.

பதில்கள் வந்தன. இல்லை, இல்லை, இல்லை. மஸ்கட்டில் ரூவியில் ஒரு கம்பெனி மட்டும் ‘மேக்கர் என்றால் என்ன?’ என்று திருப்பிக் கேட்டிருந்தது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. மூன்று மாத வேலை மிச்சம். தனியாக விற்கலாம், வாங்க ஆள் வராது, வராவிட்டால் அடுத்த வருடம் சத்தமில்லாமல் மூடிவிடலாம் என்று அறிக்கை தயார் செய்தேன். யாராவது வாங்க வந்தால் பிரதி எடுத்துப் பரப்பாமல் இருக்க, பயன்படுத்தும் ஆளின் பெயரில்தான் உரிமம் என்றும் ஒரு விதி சேர்த்தேன். நல்ல அறிக்கைதான். இப்போது படித்தாலும் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது.

கூட்டத்தில் எதிர்த்தது ஒரே ஒருவர். சப்போர்ட்டில் போன் எடுக்கும் கௌரி. யாழ்ப்பாணம். பதினோரு வருடமாக அதே நாற்காலி, அதே ஹெட்போன்.

“அண்ணை, ஒருத்தரும் பாவிக்கிறேல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறியள்? எனக்கு வாற கோல்லை பாதி மேக்கரைப் பற்றித்தான்.”

“சிஸ்டத்துல ஒரு கால் கூட லாக் ஆகலையே கௌரி.”

“பேரும் கம்பெனியும் அடிக்காட்டி லாக் பண்ண விடாதே உங்கடை சிஸ்டம். அவை பேர் சொல்ல மாட்டினம். கேட்டா வைச்சிடுவினம்.”

“பேரே சொல்லாத ஆள வச்சு நான் எப்படி முடிவெடுக்கிறது?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கௌரி சிரிக்கவில்லை. தன் நோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். பெயரில்லாமல் வந்த போன்களை அவள் தேதி வாரியாகக் குறித்து வைத்திருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. எனக்கு அன்று எண்கள்தான் வேண்டியிருந்தன, என் எண்கள் எனக்குப் போதுமாக இருந்தன. கௌரியிடம் இதற்காக நான் மன்னிப்புக் கேட்டதில்லை. இதையே கேட்டதாக வைத்துக்கொள்ளலாம் என்றால் அவளிடம் படித்துக் காட்டுங்கள்.

முதலாளி பொதுவாக ஒப்புக்கொண்டார். ஒரு இடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு இறுதி செய்யலாம் என்றார். அல் ஐனில் ஒரு கட்டுமானக் கம்பெனி. படிவத்தில் கொட்டை எழுத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்த இடம். இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்காது என்று அதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

ஜூலை மாதம். நானே போனேன். முந்தின நாள் பகலில் மேக்கர் இல்லாத புது வெர்ஷனைப் போட்டு, எல்லாம் சரி பார்த்துவிட்டுப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் தங்கினேன். பழைய சர்வரை மட்டும் அணைக்காமல் விட்டேன். அந்த இரண்டு நாளில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

காலை ஐந்தரைக்கு கேம்ப் வாசலுக்குப் போனபோது நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. பஸ்கள் வரிசையாக நிற்கின்றன, ஆட்கள் சாப்பாட்டுப் பையோடு நிற்கிறார்கள், யாரும் ஏறவில்லை. கேம்ப்பைப் பார்த்துக்கொள்ளும் கேம்ப் பாஸ் பெஷாவர்க்காரர். என் கையில் காகிதத்தைத் திணித்தார். “பாய், லிஸ்ட் கராப். இது என்ன லிஸ்ட்? தினமும் வர்ற மாதிரி இல்ல. யல்லா, ஜல்தி ஏதாவது செய்.”

பார்த்தேன். எங்கள் மென்பொருள் கணக்கில் அது சரியான லிஸ்ட். சைட்டுக்கு எத்தனை ஆள் வேண்டுமோ அத்தனை ஆள், எத்தனை சீட்டோ அத்தனை பேர். ஆனால் முந்தின நாள்தான் கிளினிக்கிலிருந்து வந்த ஒரு ஆளை மொட்டை மாடியில் கம்பி கட்டப் போட்டிருந்தது. அவர் கிளினிக் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரிலேயே நிற்கிறார். சீட்டைக் காட்டுகிறார், அவ்வளவுதான். அவரைப் போல இன்னும் நாலைந்து பேர். “இவங்கள வெயிலுக்குப் போடக் கூடாதுன்னு பழைய லிஸ்ட்டுக்குத் தெரியும்” என்றார் கேம்ப் பாஸ். அதற்கு எப்படித் தெரியும் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

கேம்ப் ஆபீசுக்குள் ஓடினேன். பழைய சர்வர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதிலும் அன்றைய லிஸ்ட் இல்லை. எதையோ அழுத்தினால்தான் வரும் போல, எதை என்று தெரியவில்லை. பதினைந்து வருடம் அந்த மென்பொருளை விற்ற நான் அதன் முன்னால் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே ஹாரன் சத்தம்.

அப்போதுதான் கதவோரம் நின்ற ஒரு ஆள் கேட்டார்.

“சார், நீங்க தமிழா?”

முப்பத்தைந்து வயது இருக்கும். நீலக் கவர்ஆல், மார்பில் கம்பெனிப் பெயர். வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“ஆமாங்க.”

“கொஞ்சம் நகருங்க சார்.”

நின்றபடியே கீபோர்டில் இரண்டு கட்டளை அடித்தார். திரையில் மேக்கர் திறந்தது. ஓடியது. பிரிண்டர் கத்த ஆரம்பித்தது. கிளினிக் சீட்டு ஆளுக்கு ஸ்டோர் யார்டில் நிழல் வேலை. கேம்ப் பாஸ் லிஸ்ட்டைப் பிடுங்கிக்கொண்டு போனார். பத்து நிமிடத்தில் வாசல் காலி.

அவர் பெயர் கருப்பையா. புதுக்கோட்டைப் பக்கம். கான்கிரீட் வார்க்கப் பலகை அடிக்கும் ஷட்டரிங் கார்பெண்டராக வந்தவர், பலகை சரிந்து தோள் போயிருக்கிறது. கம்பெனி ஊருக்கு அனுப்பாமல் லிஸ்ட் பிரிண்ட் எடுக்க கேம்ப் ஆபீசில் உட்கார வைத்திருக்கிறது. மென்பொருளில் ஓரமாக ஒரு பட்டன் இருப்பதைப் பார்த்து, அழுத்தி, உள்ளே இருந்த உதவிப் பக்கங்களைப் படித்து, சந்தேகம் வந்தால் ஷார்ஜாவுக்கு ஒரு நம்பருக்குப் போன் போட்டு, மூன்று வருடமாக எழுதியிருக்கிறார். நான் அந்த விதிகளைப் படித்துப் பார்த்தேன். கிளினிக் போனவர், வெயிலில் ஒருமுறை மயங்கியவர், இரண்டு நாள் முன்பு ஊரில் துக்கம் என்று சேதி வந்தவர், எல்லோருக்கும் அதில் இடம் இருந்தது. துக்கச் சேதி வந்தவருக்குத் தனியாக வேலை செய்யும் இடம் கொடுக்காமல் ஒரே அறையில் தங்குபவர்களோடு சேர்த்தே அனுப்பும் ஒரு விதி. நம் டெவலப்பர்கள் நாற்பது பேர் சேர்ந்தாலும் அதை யோசித்திருக்க மாட்டார்கள்.

“இதப் போய் யாருக்கும் சொல்லாம வச்சிருக்கீங்களே” என்றேன்.

“சொல்றதுக்கு என்ன சார் இருக்கு. லிஸ்ட் சரியா வந்தா போதும்.” கொஞ்சம் தள்ளி நின்று, குரலை இறக்கி, “சார், என் பேர மட்டும் எங்கயும் போட்டுறாதீங்க” என்றார்.

“ஏன்? நல்ல வேலைதானே செஞ்சிருக்கீங்க. பயப்படாதீங்க.”

“வேணாம் சார்.”

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கூச்சம் என்று நினைத்தேன். கிராமத்து ஆள், பெரிய ஆபீஸ்காரர்களைக் கண்டால் ஒதுங்குகிறார் என்று எனக்கு நானே ஒரு விளக்கமும் கொடுத்துக்கொண்டேன். இருபது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் இருந்த ஒருவன் செய்யக்கூடிய தவறே இல்லை இது. ஆனால் ஏசி அறையில் இருந்த இருபது வருடம் அது. என் விசாவில் எழுதியிருந்ததும் நான் செய்த வேலையும் எப்போதும் ஒன்றாகவே இருந்தன. அதனால் அந்த வரிக்கு ஒரு எடை உண்டு என்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஷார்ஜா திரும்பினேன். முவைலாவில் அப்போது மருந்துக்கடைக்கு மேலே இருந்த நம் பழைய ஆபீசில் உட்கார்ந்து மடல் எழுதினேன். என் திட்டப்படி மேக்கர் இனி தனிச் சரக்கு. அந்தக் கம்பெனிக்கு அது வேண்டும் என்பது கண்ணால் பார்த்த உண்மை. வாங்க வேண்டும் என்றால் அபுதாபியில் இருக்கும் அவர்கள் தலைமை அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதலுக்கு உரிமம் யார் பெயரில் என்று வேண்டும். கேம்ப் ஆபீஸில் கேட்டேன், கோப்பிலிருந்து அடையாள அட்டை நகலை அனுப்பிவிட்டார்கள். அதைப் பார்த்து அப்படியே அடித்தேன். பெயர், கருப்பையா. பதவி, ஷட்டரிங் கார்பெண்டர். அதற்குக் கீழே, இவர் தொடர்ந்து மூன்று ஆண்டுகளாகச் சிறப்பாக நிரல் எழுதி வருகிறார் என்று ஒரு பாராட்டு வேறு. அந்த ஆளுக்கு இதனால் ஒரு சம்பள உயர்வு கிடைக்கும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

நாலாம் நாள் கௌரி என் மேசைக்கு வந்தாள். வழக்கமாக வரமாட்டாள்.

“அண்ணை, அந்த அல் ஐன் ஆளின்ரை விசாவைக் கேன்சல் பண்ணப் போயினமாம்.”

“எந்த ஆளு?”

“பேர் சொல்லேல்லை. மூண்டு வருசமா எடுக்கிறார், குரல் தெரியும். விசாவிலை தச்சு வேலை, ஆபீசிலை புரோகிராம் எழுதுறார் எண்டு ஆரோ மெயில் போட்டவையாம். ஆய்வுக்கு வந்தால் கம்பெனிக்குப் பிரச்சினையெண்டு தலைமை ஆபீஸ் பயப்பிடுதாம்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “போட்டது ஆரெண்டு எனக்குச் சொல்லத் தேவையில்லை” என்றாள்.

ஒன்றரை மணி நேரத்தில் அல் ஐனில் இருந்தேன். அந்தக் கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர் ஹைதராபாத்காரர், பழைய பழக்கம். டீ கூடச் சொல்லவில்லை. இழுப்பறையைத் திறந்து என் படிவத்தின் நகலை எடுத்துப் போட்டார்.

“பாய், நான் இதுல என்ன எழுதினேன்? ‘இல்லை’ன்னு எழுதினேன். தெரியாம எழுதினேன்னு நினைச்சியா? தினமும் காலைல அவன் லிஸ்ட் போடறத நான் பார்க்கறேன். பதவி கேட்டிருந்த. என்ன எழுதச் சொல்ற? கார்பெண்டர்னு எழுதவா? புரோகிராமர்னு எழுதவா? ரெண்டுல எதை எழுதினாலும் அவன் போயிடுவான். அதனால ‘இல்லை’. உனக்குப் புரியும்னு நினைச்சேன்.”

எனக்கு அப்போதுதான் மற்ற பதில்கள் ஞாபகத்துக்கு வந்தன. அத்தனை ‘இல்லை’யில் எத்தனை இந்த மாதிரி ‘இல்லை’ என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. கேட்டால் மறுபடியும் இல்லை என்றுதான் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும்.

“இப்ப என்ன நிலைமை?” என்றேன்.

“கேன்சல் பேப்பர் டைப்பிங் சென்டர்ல இருக்கு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள தலைமை ஆபீசுக்குப் பதில் சொல்லணும். ஒண்ணு அவன ஊருக்கு அனுப்பணும். இல்ல, விசால உள்ளபடி மறுபடி ஷட்டரிங் வேலைக்கு அனுப்பணும்.”

“அந்தத் தோள வச்சுக்கிட்டா?”

“அதனாலதான் ஊருக்குன்னு சொல்றேன். கலாஸ், முடிஞ்சு போச்சு பாய். எழுத்துல வந்துடுச்சு. வாயால வந்திருந்தா நான் காதுல வாங்காம இருந்திருப்பேன்.”

வெளியே வந்து கார் பார்க்கிங்கில் நின்றேன். நாலு மணி வெயில். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டியது இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தது மேக்கர் என்ற கருவியின் விலை பற்றிய கேள்விதான், வேறு எதுவும் என் கையில் இல்லை. அந்தக் கம்பெனியின் சட்டப் பயத்தை நான் தீர்க்க முடியாது. விசாவை மாற்ற முடியாது. பட்டம் இல்லாதவரை புரோகிராமர் ஆக்க முடியாது. ஆனால் தனியாக விற்பதால்தான் உரிமம் வந்தது, உரிமத்தால்தான் பெயர் வந்தது, பெயரோடு பதவி ஒட்டிக்கொண்டு வந்தது. சரக்கு மறுபடி மென்பொருளோடு சேர்ந்து ஒரே பெட்டிக்குள் போனால் இந்தச் சங்கிலியில் ஒன்றுமே மிஞ்சாது. நான் உண்டாக்கிய கேள்வி என்பதால் அதை இல்லாமல் செய்வதும் என்னால் முடியும்.

முதலாளிக்குப் போன் போட்டேன்.

“மேக்கரைத் தனியா விற்க வேண்டாம். எல்லோருக்கும் சேர்த்தே கொடுப்போம். பேர் இல்லை, உரிமம் இல்லை, படிவம் இல்லை.”

“போன வாரம் வேற சொன்னாயே. எதை வைத்து மாற்றினாய்?”

“அதை எழுத்தில் கொடுக்க முடியாது.”

“மூன்று மாத வேலை” என்றார்.

“ஆமாம். என் பொறுப்பு. எனக்கு இன்றைக்கே முடிவு வேண்டும். நாளை மத்தியானம் தாமதம்.”

“அந்த அல் ஐன் கம்பெனி விஷயமா?”

“அங்கே ஒருவர். மற்ற இடங்களில் எத்தனை பேர் என்று தெரியாது.”

அவர் ஒன்றும் கேட்கவில்லை. “கலாஸ், பெட்டிக்குள் போடு” என்று வைத்துவிட்டார். அவர் மேல் எனக்குப் பல குறைகள் உண்டு, அன்று ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

காரில் உட்கார்ந்தே தலைமை அலுவலகத்துக்கு மடல் அடித்தேன். மேக்கர் எங்கள் தொகுப்பின் ஒரு பகுதி. அதற்குத் தனி உரிமம் தேவையில்லை. அதை இயக்க யாரையும் நியமிக்கத் தேவையில்லை, உங்கள் கேம்ப்பில் ஓடும் விதிகளுக்கு எங்கள் கம்பெனியே பொறுப்பேற்கிறது. முந்தைய மடலில் இருந்த பெயர் எங்கள் பக்கத்தில் தவறுதலாக நுழைக்கப்பட்டது. கடைசி வரி பொய்யா என்று நீங்கள் கேட்கலாம். தவறுதலாகத்தான் நுழைக்கப்பட்டது, அதைச் செய்தவன் நான்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஹைதராபாத்காரரிடமிருந்து ஒரு மெசேஜ். ‘பேப்பர் வாபஸ்.’ அவ்வளவுதான். நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். கௌரியிடம் சொன்னேன். “ம்” என்றாள், அடுத்த போனை எடுத்தாள்.

மேக்கரைப் பெட்டிக்குள் வைத்ததால் எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். அந்த மூன்று மாத வேலை ஏழு மாதமாக இழுத்தது. அடுத்த வருடம் ரூவியில் யாரோ எழுதிய ஒரு விதி ஒரு கேம்ப் முழுவதையும் லீவில் போட்டுவிட்டது. யார் எழுதியது என்று யாரும் சொல்லவில்லை, நாங்களே உட்கார்ந்து திருத்தினோம். உங்கள் குறிப்பில் பாதுகாப்பு பற்றி எழுதியிருப்பதெல்லாம் நிஜம். தனியாக விற்பதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன, ஒருவேளை இன்று அதுவே சரியாகவும் இருக்கலாம். நான் சொல்ல வந்தது வேறு. தனியாக விற்கும் பொருளை யாராவது கேட்டு வாங்க வேண்டும். கேட்பதற்கு ஒரு மேசையும் ஒரு பதவியும் வேண்டும். மேக்கரைப் பயன்படுத்தியவர்களிடம் அவை இரண்டும் இல்லை. பெட்டிக்குள் கிடந்ததால்தான் அது அவர்கள் கைக்குப் போனது. நீங்களும் படிவம் அனுப்புவீர்கள், அனுப்புங்கள். அதற்கு முன் அந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் எழுதுகிறவருக்கு மறுநாள் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கௌரி இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறாள். அவளிடம் போய்க் கேளுங்கள், கொஞ்சம் மரியாதையாகக் கேளுங்கள்.

வேலை முடிந்து, மேக்கரோடு கூடிய புது வெர்ஷனைப் போட மறுபடி அல் ஐன் போனேன். குளிர்காலம் முடியப்போகிற நேரம். கருப்பையா அதே கேம்ப் ஆபீசில் இருந்தார். விசாவிலும் கோப்பிலும் இப்போது அவர் ஆபீஸைக் கூட்டிப் பெருக்கும் ஆள் என்று கேம்ப் பாஸ் சிரித்துக்கொண்டே சொன்னார். பெருக்குவதும் உண்டாம், லிஸ்ட் போட்ட பிறகு. அவருடைய விதிகளை ஒவ்வொன்றாகப் புதிதில் ஏற்றிச் சரி பார்த்தோம். இரண்டு இடத்தில் எங்கள் தவறை அவர் பிடித்தார். எங்கள் கையேட்டில் அந்த விதிகள் இப்போது மாதிரிகளாக இருக்கின்றன, கீழே நம் கம்பெனிப் பெயர்தான் இருக்கிறது. அதை அவரிடம் காட்டினேன். “நல்லாருக்கு சார்” என்றார். உண்மையிலேயே அவருக்கு அதில் வருத்தம் தெரியவில்லை. வருத்தம் எனக்குத்தான்.

டீ வாங்கி வெளியே நின்று குடித்தோம். நான் வரும்போதே முதலாளியிடம் பேசிவிட்டு வந்திருந்தேன். நம் கம்பெனியில் சப்போர்ட்டில் ஒரு இடம், இங்கே வாங்குவதைப் போல இரண்டு மடங்கு சம்பளம். பட்டம் இல்லாததால் விசாவில் வேறு ஏதாவது பதவிதான் போட முடியும், அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதையெல்லாம் சொன்னேன். எனக்கு அன்று மனசு நிறைந்திருந்தது. செய்த தப்பைச் சரிக்கட்டிவிட்டோம் என்று தோன்றியது.

அவர் டீயைக் குடித்து முடித்தார். கப்பைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

“வேணாம் சார்.”

“ஏன் கருப்பையா? வேலை பிடிக்கலையா?”

“பிடிக்கும் சார். ரொம்பப் பிடிக்கும். நீங்க எனக்கு நல்லதுதான் நினைக்கிறீங்க, அதுல சந்தேகமே இல்ல.” கோபம் இல்லாமல், எனக்காகக் கொஞ்சம் சங்கடப்பட்டுக்கொண்டு சொன்னார். “ஆனா நீங்க என் பேர எழுதிடுவீங்க சார்.”

பஸ் திரும்பி வரும் நேரம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் ஷார்ஜாவுக்குக் கிளம்பினேன்.